அடுத்த கொட்டிலிற் பிறந்தவன்

சமயத்தைப் பற்றிச் சிரிக்கலாமா என்ற வினா மிகப் பழையது. பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேர், பக்திவேடம் பூண்டு நல்லதொரு குடும்பத்தைக் கெடுக்கும் வஞ்சகனொருவனைப் பாத்திரமாக்கித் ‘தார்த்தூஃப்’ என்ற நாடகத்தை எழுதி, 1664ஆம் ஆண்டு பதினான்காம் லூயி மன்னனின் முன்னிலையில் நடித்துக் காட்டினார். மன்னனுக்கு அந்நாடகத்தின்மீது வெறுப்பு இருக்கவில்லை. ஆயினும் சமயத் தலைவர்களின் எதிர்ப்புக்கு இணங்கி, அதனைப் பொதுமேடையிற் காட்டலாகாதென அவன் கட்டளையிட்டான். போலிப் பக்தி எது, மெய்ப் பக்தி எது என்று பிரித்தறியும் ஆற்றல் சாதாரண மக்களுக்கு இல்லை என்பதே தடைக்குச் சொல்லப்பட்ட காரணம். மொலியேர் ஐந்தாண்டுகள் விடாது போராடினார். 1669இல் தடை நீங்கியது.

ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழிந்தபின், அதே வினா இங்கிலாந்தில் ஒரு திரைப்படத்தின் வடிவில் மீண்டும் எழுந்தது. 1979ஆம் ஆண்டு வெளிவந்த ‘லைஃப் ஒவ் பிரையன்’, அதாவது ‘பிரையனின் வாழ்க்கை’ என்னும் படமே அது. அதனை ஆக்கியோர் ‘மொண்டி பைதன்’ என்ற பெயரால் அறியப்பட்ட அறுவர். கிரேயம் சப்மன், ஜோன் கிளீஸ், எரிக் ஐடில் ஆகிய மூவரும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும், டெரி ஜோன்ஸ், மைக்கேல் பேலின் ஆகிய இருவரும் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலும் கற்றவர்கள். ஆறாமவரான டெரி கில்லியம் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய ஓவியர். 1969 முதல் 1974 வரை பீ.பீ.சி. தொலைக்காட்சியில் இவர்கள் நடத்திய நகைச்சுவை நிகழ்ச்சி பெரும் புகழ் ஈட்டியிருந்தது.

படத்தின் தொடக்கம் ஒரு விளையாட்டுப் பேச்சில் இருந்தது. முன்னைய படமொன்றை விளம்பரப்படுத்தச் சென்ற இடத்தில், அடுத்த படம் யாது என்று பத்திரிகையாளர் வினவ, இயேசுநாதரின் பெயரை இழுத்து ஐடில் ஒரு துடுக்கான தலைப்பைக் கூறினார். கூறியது வேடிக்கைக்கே எனினும், அந்த எண்ணம் அறுவரின் மனத்திலும் தங்கிவிட்டது. அவர்கள் புதிய ஏற்பாட்டையும் அக்காலப் பாலஸ்தீன வரலாற்றையும் ஊன்றிப் படிக்கலாயினர். படிக்கப் படிக்க அவர்களுக்கு ஒன்று புலனாயிற்று. சுவிசேஷங்களிற் காணப்படும் இயேசுநாதரிடத்தில் நகையாடுதற்கு உரியது எதுவுமில்லை. அவர் கூறியவை நல்லவை, ஏற்கத்தக்கவை. நகைப்புக்கு இடமானவர்கள் அவருடைய சொல்லைக் கேட்டும் கேளாதவர்களும், கேட்டதைத் திரித்துக்கொண்டவர்களும், திரித்ததன் பேரால் ஒருவரையொருவர் பகைத்தவர்களுமே. ஆகவே அவர்கள் இயேசுநாதரை விட்டுவிட்டு, அதே இரவில் அடுத்த கொட்டிலிற் பிறந்த வேறொரு குழந்தையைக் கதைத் தலைவனாக்கினர். அவனே பிரையன்.

இந்தப் படத்துக்குப் பணம் கிடைத்த வரலாறும் அறியத்தக்கது. முதலிற் பணம் தர இசைந்த நிறுவனம் ஈ.எம்.ஐ. ஆகும். 1978ஆம் ஆண்டின் தொடக்கத்தில், படப்பிடிப்புக்கான ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்த வேளையில், அந்நிறுவனத்தின் தலைவரான டெல்பொன்ட் பிரபு கதையேட்டைப் படித்துத் திகைத்து, கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்கினார். படம் கருவிலேயே கலைந்துபோகும் நிலை உண்டாயிற்று. அவ்வேளையில் உதவ முன்வந்தவர் பீற்றில்ஸ் இசைக்குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் ஹரிசன். அவர் தமது மாளிகையை ஈடு வைத்துப் பணம் திரட்டி, ‘ஹான்ட்மேட் பிலிம்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கிப் படத்தின் செலவை ஏற்றார். படத்தைப் பார்க்க விரும்பியதாலேயே பணம் கொடுத்ததாக அவர் காரணம் கூறினார். ஒரு படத்தைப் பார்ப்பதற்கு உலகில் எவரும் கொடுத்த நுழைவுச் சீட்டுக் கட்டணங்களுள் அதுவே மிகப் பெரியது என்று ஐடில் பின்னர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஹரிசன் சமயப் பற்றற்றவர் அல்லர் என்பது ஈண்டுக் கருதற்பாலது. அவர் கண்ண வழிபாட்டில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். 1970இல் அவர் வெளியிட்ட, உலகெங்கும் பரவிய பாட்டொன்றில் கண்ணனின் திருநாமம் மீண்டும் மீண்டும் ஒலிக்கும். 1973இல் இலண்டனுக்கு அண்மையிலுள்ள பெரிய மாளிகையொன்றை வாங்கிக் கண்ண பக்தர்களுக்கு அளித்தவரும் அவரே. நாத்திகப் படம் என்று பலரால் தூற்றப்பட்ட ஒன்றைப் பிழைக்கச் செய்த பணம் பக்தரொருவரின் பணமாக இருந்தது.

படப்பிடிப்பு 1978 செப்டெம்பர் முதல் நவெம்பர் வரை வட ஆபிரிக்காவிலுள்ள துனீசியா நாட்டில் நிகழ்ந்தது. மொனஸ்தீர் என்னும் கடற்கரை நகரின் பழைய கோட்டை எருசலேம் நகராக மாற்றப்பட்டது. இத்தாலிய இயக்குநர் பிராங்கோ செபிரெல்லி இயேசுநாதரின் வரலாற்றை மிகுந்த பக்தியோடு தொலைக்காட்சித் தொடராக எடுத்து 1977இல் வெளியிட்டிருந்தார். அவர் அந்நாட்டில் விட்டுச் சென்ற காட்சி அமைப்புக்களையே இவர்களும் பயன்படுத்தினர். கூட்டத்தில் நிற்பதற்கென அமர்த்தப்பட்ட உள்ளூர் முதியோர் சிலர், செபிரெல்லி இப்படிச் செய்யமாட்டார் என்று தமக்கே அறிவுரை கூறினர் எனப் படத்தை இயக்கிய டெரி ஜோன்ஸ் பின்னர் நினைவுகூர்ந்தார்.

படத்தின் கதையைச் சுருக்கமாகக் கூறுவது அவசியம். ஏனெனில் அதனைக் கண்டித்தோருட் பலர் அதனைப் பார்த்திராதவர்கள். கீழ்த்திசை ஞானிகள் மூவர் தவறுதலாகப் பிரையன் பிறந்த கொட்டிலுக்குள் நுழைந்து காணிக்கைகளைக் கொடுத்து வணங்குகின்றனர். வெளியே சென்றவுடன் பிழையை உணர்ந்து ஓடிவந்து கொடுத்தவற்றைப் பறித்துக்கொண்டு, அடுத்த கொட்டிலுக்குச் செல்கின்றனர். அங்கே ஒளி சூழ்ந்து அமைதி நிலவுகின்றது. பிரையன் வளர்ந்தபின் வரும் காட்சியில் இயேசுநாதர் மலைமீது நின்று போதிக்கின்றார். அக்காட்சி எவ்வித கேலியுமின்றி, மரியாதையோடு எடுக்கப்பட்டுள்ளது. சிரிப்பு எழுவது கூட்டத்தின் கடைக்கோடியிலாகும். தொலைவில் நிற்போருக்குப் போதனை சரியாகக் கேட்கவில்லை. சமாதானம் செய்வோரைப் பற்றி அவர் கூறியது, ஆங்கிலத்தில் ஏறக்குறைய அதே ஒலியுடைய மற்றொரு சொல்லாகத் திரிந்து, பாற்கட்டி செய்வோரைப் பற்றியதாக அவர்கள் செவியில் விழுகின்றது. பாற்கட்டி செய்வோருக்கு மட்டும் ஏன் இத்தனை சிறப்பு என்று அவர்கள் விவாதித்து, ஒருவரையொருவர் ஏசி, இறுதியிற் கைகலக்கின்றனர். சமாதானத்தைப் பற்றிய போதனை கேட்கச் சென்றவர்கள் அடிபட்டுத் திரும்புகின்றனர். படம் முழுவதற்கும் இதுவே திறவுகோல் எனலாம்.

பின்னர்ப் பிரையன் உரோம ஆட்சியை எதிர்க்கும் இரகசிய இயக்கமொன்றிற் சேர்கின்றான். அவ்வியக்கத்தினர் உரோமரை வெறுப்பதைக் காட்டிலும், ஏறக்குறைய அதே பெயரைக் கொண்ட மற்றொரு யூத இயக்கத்தையே அதிகமாக வெறுக்கின்றனர். ஒருநாள் போர்வீரருக்குத் தப்பி ஓடும் பிரையன், தெருவில் வரிசையாக நின்று வருவதுரைக்கும் தீர்க்கதரிசிகளின் நடுவே மாடத்திலிருந்து விழுந்துவிடுகின்றான். பிடிபடாதிருக்க அவனும் எதையோ உளறுகின்றான். உளறலை இடையில் நிறுத்தியவுடன், சொல்லாது விட்ட இரகசியம் யாதென அறியக் கூட்டம் அவனைத் துரத்துகின்றது. அவன் கைவிட்ட சுரைக்குடுக்கையை ஒரு கூட்டத்தார் புனிதச் சின்னமாக ஏந்துகின்றனர். கழன்று விழுந்த அவனது செருப்பை மற்றொரு கூட்டத்தார் உயர்த்திப் பிடிக்கின்றனர். அவன் நின்று பேசி முடிப்பதற்குள் அவனுடைய மதம் இரண்டாகப் பிளந்துவிடுகின்றது. அவன் மீட்பன் அல்லன் என்று மறுத்துக் கூறிய துறவியொருவரைப் புதிய அடியார்கள் துரோகியெனக் கூவிப் பிடித்துச் செல்கின்றனர்.

தன் வீட்டு வாயிலில் திரண்ட மக்களை நோக்கிப் பிரையன், எவரையும் பின்பற்ற வேண்டாம், நீங்கள் யாவரும் தனித்தனி மனிதர், தாமாகவே சிந்தியுங்கள் என்று மன்றாடுகின்றான். ஆம், நாங்கள் யாவரும் தனித்தனி மனிதர் என்று கூட்டம் முழுவதும் ஒரே குரலில் அவன் சொல்லைத் திருப்பிச் சொல்கின்றது. ஒரேயொருவன் மட்டும், தான் அப்படியல்லன் என்று மெல்லக் கூறுகின்றான். இறுதியிற் பிரையன் உரோமராற் சிலுவையில் அறையப்படுகின்றான். அவனுடைய இயக்கத்தினர் அவனைக் காப்பாற்ற வரவில்லை; அவனது தியாகத்தைப் பாராட்டும் தீர்மானத்தை வாசித்துவிட்டுப் போகின்றனர். மற்றோர் இயக்கத்தினர் ஓடிவந்து, உரோமருக்கு எதிர்ப்புக் காட்டுமுகமாகத் தம்மைத் தாமே குத்திக்கொண்டு மாள்கின்றனர். அருகிலுள்ள சிலுவைகளில் தொங்குவோர் உற்சாகமான பாட்டொன்றைப் பாடப் படம் முடிகின்றது. மரணத்தருகே எழும் கசப்பான சிரிப்பு அது.

இவையெல்லாம் கட்டுக்கதையாயினும், இவற்றுக்கு அடிப்படையான வரலாறு உண்டு. கி.பி. முதலாம் நூற்றாண்டிற் பாலஸ்தீனம் மீட்பர்களை எதிர்பார்த்துக் காத்திருந்த தேசம். அக்கால யூத வரலாற்றாசிரியர் யோசேப்பசின் நூல்களிலிருந்து அதன் நிலையை அறியலாம். தெயுதாஸ் என்பவன், யோர்தான் நதியைப் பிளந்து வழிவிடுவதாகக் கூறித் திரளான மக்களை அழைத்துச் சென்றான். உரோமக் குதிரைப்படை அவர்களை வெட்டி வீழ்த்தி, அவனது தலையை எருசலேமுக்குக் கொண்டு சென்றது. எகிப்திலிருந்து வந்த வேறொருவன், தன் சொல்லினாலே எருசலேமின் மதில் இடிந்து விழுமென வாக்களித்து ஒலிவ மலையருகே கூட்டம் சேர்த்தான். அவனும் முறியடிக்கப்பட்டான். கி.பி. 70ஆம் ஆண்டு உரோமர் எருசலேமை முற்றுகையிட்டபோது, நகரினுள்ளே யூதத் தீவிரவாதிகள் மூன்று கட்சிகளாகப் பிரிந்து தம்முள்ளே போர்புரிந்தனர். நெடுநாளைக்குப் போதுமான தானியக் களஞ்சியங்கள் அவர்களின் சண்டையில் எரிந்தன என்றும், நகர மக்கள் பசியால் மடிந்தனர் என்றும் யோசேப்பஸ் எழுதியுள்ளார். வாயிலிற் பகைவனை நிறுத்திவிட்டு உள்ளே ஒருவரையொருவர் அழித்தவர்களின் கதையைப் படித்தபின், படத்தில் வரும் இயக்கங்களின் சண்டை மிகைப்படுத்தப்பட்டதென்று கூறுதல் அரிது. 1970களில் இங்கிலாந்தின் இடதுசாரிச் சிறு கட்சிகள் ஓயாது பிளவுபட்டதையும் படம் உடன்வைத்துக் கேலி செய்தது என்பது வேறு விடயம்.

படம் வெளிவருவதற்குமுன் இங்கிலாந்தின் சட்டநிலை எவ்வாறிருந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். தெய்வ நிந்தனை அந்நாட்டின் பழைய வழக்காற்றுச் சட்டப்படி குற்றமாகும். 1921ஆம் ஆண்டில் ஒருவர் அக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டபின், அச்சட்டம் அரைநூற்றாண்டுக்கு மேலாக உறங்கிக் கிடந்தது. அதனைத் தட்டியெழுப்பியவர் மேரி வைட்ஹவுஸ் என்ற அம்மையார். தன்பாலின விருப்புடையோருக்கான ‘கே நியூஸ்’ என்னும் பத்திரிகை, சிலுவையில் மாண்ட இயேசுநாதரைப் பற்றிய கவிதையொன்றை 1976இல் வெளியிட்டது. அதனைப் பொறுக்காத அம்மையார் வழக்குத் தொடுத்தார். 1977இல் அப்பத்திரிகையும் அதன் ஆசிரியரும் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. 1979 பெப்ரவரியில் பிரபுக்கள் சபை, மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையால் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. நிந்திக்கும் நோக்கம் எழுதியவருக்கோ வெளியிட்டவருக்கோ இருந்ததென மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். ‘நாங்கள் இயேசுநாதரை இகழ நினைக்கவில்லை’ என்று கூறுவது இனிமேல் எவருக்கும் அரணாகாது. இந்தத் தீர்ப்பு வெளிவந்த அதே ஆண்டில், எவ்வளவு துணிவிருந்தாலும் அச்சமின்றி வெளியிட முடியாத ஒரு படத்தை அறுவரும் கையில் வைத்திருந்தனர்.

படம் முதலில் அமெரிக்காவில் 1979 ஓகஸ்ட் மாதம் திரையிடப்பட்டது. யூத குருமார் சிலரும், கத்தோலிக்க மறைமாவட்டத்தாரும், புரட்டஸ்தாந்து சபையினரும் அதனைக் கண்டித்தனர். பல நூற்றாண்டுகளாகத் தம்முள் ஒன்றுபடாத இம்மூவரும் ஒரு படத்தின் மீதுள்ள வெறுப்பில் ஒன்றுபட்டனர். தென் கரோலினா மாநிலத்தில் குருவொருவரின் முறையீட்டைக் கேட்ட செனட்டர் ஸ்ரோம் தேர்மன்ட் தலையிட, கொலம்பியா நகரில் ஓடிக்கொண்டிருந்த படம் நிறுத்தப்பட்டது. மற்ற இடங்களில் இந்த எதிர்ப்பே மக்களைப் படமாளிகைகளுக்கு அழைத்து வந்தது.

இங்கிலாந்தில் தணிக்கைச் சபையினர் தெய்வ நிந்தனைச் சட்டத்தைக் கருத்திற்கொண்டு படத்தைக் கவனமாக ஆராய்ந்தனர். பிரையன் வேறு, இயேசுநாதர் வேறு என்பது தெளிவாகக் காட்டப்பட்டிருத்தலின், எதனையும் வெட்டாமல், பதினான்கு வயதுக்கு மேற்பட்டோர் பார்க்கலாமென ‘ஏஏ’ சான்றிதழ் வழங்கினர். 1979 நவெம்பர் 8ஆம் திகதி இலண்டனிற் படம் வெளியாயிற்று. ஆயினும் அந்நாட்டில் தணிக்கைச் சபையின் சொல் இறுதியானதன்று. படமாளிகைகளுக்கு உரிமம் வழங்கும் உள்ளூராட்சி மன்றங்கள் விரும்பினால் அதனை மாற்றலாம். ‘ஒளி விழா’ என்று பொருள்படும் பெயரைக் கொண்ட கிறிஸ்தவ இயக்கத்தார் இவ்வழியைக் கண்டு, நாடெங்கும் மன்றங்களுக்குக் கடிதங்களும் துண்டுப்பிரசுரங்களும் அனுப்பினர். முடிவில் 39 மன்றங்கள் படத்துக்கு இடையூறு செய்தன. சில அடியோடு தடைசெய்தன. ஏனையவை பதினெட்டு வயதுக்கு உயர்த்தின. வயதை உயர்த்தினாற் படத்தைக் கொடுக்கமாட்டோமென விநியோகத்தர் உறுதியாக நின்றமையால், இரண்டும் ஒன்றே ஆயின. தடைசெய்த சில பகுதிகளில் படமாளிகை ஒன்றுகூட இருக்கவில்லை என்பது வேடிக்கை. தமது ஊரில் எவரும் பார்க்க முடியாத ஒன்றை, தாமும் பாராமலே, ஊரவர் பார்க்கலாகாதென அம்மன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றின. பாற்கட்டி செய்வோரைப் பற்றி அடிபட்ட கூட்டம் இங்கே மன்ற மண்டபத்தில் மேசை போட்டு அமர்ந்திருந்தது.

படம் வெளியான மறுநாள் இரவு பீ.பீ.சி. தொலைக்காட்சியில் நிகழ்ந்த விவாதம் இன்றளவும் பேசப்படுகின்றது. ஒருபுறம் கிளீசும் பேலினும் அமர்ந்தனர். மறுபுறம் அமர்ந்தவர்கள் சதர்க் மேற்றிராணியார் மேர்வின் ஸ்ரொக்வுட், எழுத்தாளர் மல்கம் மகறிட்ஜ் ஆகிய இருவர். இவர்கள் குறுகிய நோக்கினர் அல்லர். மகறிட்ஜ் ஒருகாலத்தில் ‘பஞ்ச்’ என்ற புகழ்பெற்ற நகைச்சுவை ஏட்டின் ஆசிரியராக விளங்கியவர். கல்கத்தாவில் அன்னை தெரேசா ஆற்றிய தொண்டை 1969இல் தொலைக்காட்சி மூலம் மேல்நாட்டாருக்கு அறிமுகஞ் செய்தவர். மேற்றிராணியார் முற்போக்குக் கருத்துக்களுக்குப் பேர்போனவர். இத்தகையோரே சினங்கொண்டனர் என்பதுதான் சிந்தனைக்குரியது.

கிளீசும் பேலினும், மூடிய மனத்தையே தாம் சாடியதாகவும், மனிதர் தாமாகச் சிந்திக்க வேண்டுமென்பதே படத்தின் கருத்தென்றும் விளக்கினர். எதிரிருந்தோர் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. பிரையன் என்பவன் பெயர் மாற்றப்பட்ட இயேசுவே என்று அவர்கள் வாதித்தனர். இருவரும் முன்னதாக ஒழுங்குசெய்யப்பட்ட படக்காட்சிக்குத் தாமதித்து வந்தமையால், இரு கொட்டில்களையும் இரு மனிதரையும் வேறுபடுத்திக் காட்டும் தொடக்கப் பகுதியைக் காணவில்லை எனப் பின்னாளிற் கூறப்பட்டது. இப்படம் பத்தாந்தரமானது, எவருடைய மெய்யான நம்பிக்கையையும் அசைக்க வல்லதன்று என்று மகறிட்ஜ் இகழ்ச்சியோடு கூறினார். மேற்றிராணியார் இருவரையும் நோக்கி, உங்களுக்குரிய முப்பது வெள்ளிக்காசு உங்களுக்குக் கிடைக்கும் என்று கூறி முடித்தார். இயேசுநாதரைக் காட்டிக்கொடுத்த யூதாசு பெற்ற கூலி அது. வழக்கமாக மென்மையாகப் பேசும் பேலின் அன்று கோபத்தை அடக்க மாட்டாது தவித்ததை யாவரும் கண்டனர்.

ஆயினும் எதிர்த்தோர் யாவரையும் மதவெறியர் என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. அவர்களின் வருத்தத்தில் மெய்யான ஓர் அம்சம் உண்டு. சிலுவை கிறிஸ்தவருக்கு வெறும் தண்டனைக் கருவியன்று. நோயிலும் மரணத்திலும் கோடிக்கணக்கானோர் கையிற் பற்றிக்கொண்ட ஆறுதற் சின்னம் அது. அதன்மீது தொங்கியவாறு ஒருவன் சீழ்க்கையடித்துப் பாடுவதைக் காணும் பக்தரின் நெஞ்சு நோகாதிருக்குமா? படத்தை ஆக்கியோர் இதற்கு வரலாற்றிலிருந்து விடை கூறினர். சிலுவையில் அறைதல் உரோம ஆட்சியில் அன்றாடத் தண்டனை. கி.மு. 71இல் ஸ்பார்ட்டகசின் அடிமைக் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டபோது ஏறத்தாழ 6000 பேர் பெருந்தெருவின் ஓரமெங்கும் அறையப்பட்டனர். கி.மு. 4இல் ஏரோது மன்னன் இறந்தபின் எழுந்த குழப்பத்தில் ஏறத்தாழ 2000 யூதர் அவ்வாறே மாண்டனர். சிலுவை இயேசுநாதருக்கு மட்டும் உரியதாயின், பெயர் தெரியாத அந்த ஆயிரக்கணக்கானோரின் சாவு எவருடையது என்பதே அவர்களது வினா. விடை வலியது. எனினும் நொந்த மனத்தை வரலாற்றுக் கணக்கு ஆற்றிவிடாது. நோவு உண்டாதல் வேறு, நோவை முன்னிட்டுப் பிறர் கண்ணைக் கட்டுதல் வேறு என்ற பாகுபாட்டில்தான் இவ்வழக்கின் தீர்வு தங்கியிருந்தது.

பிற நாடுகளிலும் கண்கட்டு வித்தை நிகழ்ந்தது. நோர்வே நாட்டில் 1980இல் படம் சில காலம் தடைசெய்யப்பட்டது. அயல்நாடான சுவீடனில் விநியோகத்தர், நோர்வேயிலே தடைசெய்யுமளவுக்கு நகைச்சுவை மிக்க படம் என்று விளம்பரஞ் செய்து மக்களைத் திரட்டினர். அயர்லாந்தில் தடை 1987 வரை நீடித்தது. ஓரிடத்துத் தடை மற்றோரிடத்தில் இலவச விளம்பரமாயிற்று.

காலம் ஓடியது. 1982ஆம் ஆண்டு போக்லண்ட் போரில் ஏவுகணை தாக்கி எரிந்த ‘ஷெபீல்ட்’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள், மீட்பை எதிர்நோக்கிக் காத்திருந்த வேளையில் இப்படத்தின் இறுதிப் பாட்டைப் பாடினர். பிரையனாக நடித்த சப்மன் 1989இல் மறைந்தபோது, அவரது நினைவுக் கூட்டத்தில் நண்பர்கள் அதனையே பாடினர். தெய்வ நிந்தனையின் உச்சமென்று கருதப்பட்ட பாட்டு, சாவின் முன்னே மனம் தளராதிருக்க மக்கள் பாடும் பாட்டாக மாறியது. அதனைப் பாடியோர் எவரையும் நிந்திக்கும் எண்ணத்தோடு பாடவில்லை.

2008ஆம் ஆண்டு இங்கிலாந்திலும் வேல்சிலும் தெய்வ நிந்தனைக் குற்றம் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அதே ஆண்டில் டோர்பே என்னும் கடற்கரை நகரில் நகைச்சுவைப் பட விழாவுக்கு இப்படத்தைத் தெரிந்தபோது, 1980இல் விதிக்கப்பட்ட தடை எவராலும் நினைவுகூரப்படாமலே நடைமுறையில் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டது. மறுவருடம் கிளாஸ்கோ நகரும் தன் தடையை அகற்றியது. நோர்வே 2015இலும், அயர்லாந்து 2018இல் நடந்த குடியொப்பத்தைத் தொடர்ந்தும் தத்தம் நிந்தனைச் சட்டங்களைக் கைவிட்டன.

2014ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஒரு மாநாடு கூடியது. முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றையும் புதிய ஏற்பாட்டையும் ஆராயும் அறிஞர்கள், இப்படத்தை எடுத்துவைத்து மூன்று நாட்கள் ஆராய்ந்தனர். கிளீசும் ஜோன்சும் வந்திருந்தனர். குருப்பட்டம் பெற்றவரும் அக்கல்லூரியின் சமயத்துறைத் தலைவருமான றிச்சர்ட் பறிட்ஜ், இப்படம் இயேசுநாதரின் போதனைக்கு மறைமுகமாகச் செலுத்தப்பட்ட மரியாதை என்ற கருத்தினர். தன்னைச் சூழ்ந்தோர் வெறிகொண்டு அலையும்போது, அறிவோடும் அன்போடும் பேசுபவர் அவர் ஒருவரே என்பதைப் படம் காட்டுகின்றது. மேற்றிராணியார் ஒருவர் யூதாசின் கூலியைக் கூறிச் சபித்த படத்தை, முப்பத்தைந்து ஆண்டுகளின்பின் குருவொருவர் மாணவருக்கு விளக்கவேண்டிய நூலாக ஏற்றுக்கொண்டார்.

இவ்வரலாற்றிற் கற்கத்தக்கது ஒன்றுண்டு. படத்தைக் கண்டித்தோரும் அதற்காகப் போராடியோரும் ஒரே அச்சத்தையே கொண்டிருந்தனர். மக்கள் கண்மூடி எவரையேனும் பின்பற்றிவிடுவார்கள் என்பதே அந்த அச்சம். முன்னையோர் அதற்கு மருந்தாகத் தடையை நாடினர். பின்னையோர் சிரிப்பை நாடினர். பிரித்தறியும் ஆற்றல் சாதாரண மக்களுக்கு இல்லையென மொலியேரின் காலத்திலே கூறப்பட்ட காரணமே டோர்பே மன்றத்திலும் கூறாமற் கூறப்பட்டது. மக்களோ இரு கொட்டில்களையும் பிரித்தறிந்தே இருந்தனர். தேவாலயத்துக்குச் செல்வோர் தொடர்ந்து சென்றனர். அவர்களுட் பலர் படத்தையும் பார்த்துச் சிரித்தனர். எவருடைய மெய்யான நம்பிக்கையையும் அசைக்க இப்படத்தால் இயலாது என்று மல்கம் மகறிட்ஜ் அன்றிரவு கூறியது இகழ்ச்சியாகவே. எனினும் அந்த விவாதத்திற் பேசப்பட்டவற்றுள், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பொய்யாகாது நிற்பது அவர் கூறிய அந்த ஒன்றே.